மருந்தின் நாற்கூறும் நீதிமன்றமும்

மூன்று ஆண்டுகளின் முன், மாரி காலத்திலே ஒருநாள், பாடசாலை விட்டு வீடு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஒரு தாய் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நனைந்த சேலைத் தலைப்பினுள்ளே ஒரு கடிதவுறையைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய மகன் முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் கற்றவன். நன்னூற் சூத்திரங்களைத் தட்டின்றி ஒப்புவிப்பவன்.

"ஐயா, பொடியனைப் பொலிசு பிடிச்சுக்கொண்டு போட்டுது. நாளையிண்டைக்குக் கோட்டிலை தவணை. உங்களிட்டைப் படிச்ச பிள்ளை, நல்ல பிள்ளையெண்டு ஒரு கடிதம் எழுதித் தரவேணும்" என்றாள்.

என்ன குற்றம் என்று கேட்டேன். நெடுநேரம் மறுமொழி வரவில்லை. பின்னர் உறைக்குள் இருந்த தாளை எடுத்து நீட்டினாள். ஹெரோயின் என்னும் நஞ்சு, சில மில்லிகிராம் அளவில், அவன் சட்டைப்பையில் இருந்ததாம்.

நற்சான்றுக் கடிதம் எழுதுவது ஆசிரியனுக்குப் புதிய தொழிலன்று. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ எழுதியிருக்கின்றேன். அன்று மட்டும் பேனா ஓட மறுத்தது. 'இவன் நல்லவன்' என்று எழுதுவதா? 'இவன் நோயாளன்' என்று எழுதுவதா? முன்னையது இரக்கத்தை வேண்டுவது. பின்னையது மருந்தை வேண்டுவது. நான் முன்னையதையே எழுதிக் கொடுத்தேன். அது பிழை என்பதை அறிந்துகொள்ள எனக்கு நெடுநாட் சென்றது. அந்தப் பிழையின் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

திருக்குறளிலே கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அதனை அடுத்தது சூது. சூதினை அடுத்தது மருந்து. நாம் மேடைதோறும் எடுத்து முழங்குவது கள்ளுண்ணாமையை. யாழ்ப்பாணத்துக்கு மதுவிலக்குப் பிரசாரம் புதியதன்று. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இங்கு வந்தபோது, இளைஞர் காங்கிரஸார் முன்னின்று வரவேற்றார்கள்; மதுவொழிப்பும் அந்நாட் பேச்சுக்களில் ஒன்றாய் இருந்தது. அவ்வழக்கத்தில் வந்த நமக்கு, விழாதவனுக்கு அறிவுரை கூறுவது கைவந்த கலை. விழுந்தவனை எடுத்து நிறுத்துவதோ பழகாத தொழில்.

வள்ளுவர் அறிவுரையின் எல்லையை அறிந்தவர். களித்தவனுக்குக் காரணங் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கினவனை விளக்குக் கொண்டு தேடுவது போலும் என்று அக்கள்ளுண்ணாமையுள்ளேயே அவர் உணர்த்துகின்றார். விளக்கு நல்லதுதான்; ஆனால் நீருக்குள் அது எரியாது. அறிவுரை முடிந்த இடத்திலே மருந்து தொடங்கவேண்டும். அதிகார வைப்புக்கு இக்காரணம் கூறுதல் உரையாசிரியர்க்கு ஒக்குமோ ஒவ்வாதோ, அறியேன். கள்ளுண்ணாமைக்கு இரண்டு படி கடந்தால் மருந்து இருக்கின்றது என்பது மட்டும் கண்கூடு.

அம்மருந்ததிகாரத்தின் இறுதி மூன்று பாக்களும் மருத்துவம் செய்யும் முறையைக் கூறுவன. நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்க என்பது ஒன்று. நோயாளனின் இயல்பும், நோயின் அளவும், காலமும் நோக்கிச் செய்க என்பது மற்றொன்று. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வான் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்பது முடிவு. அருகிருப்பானை உழைச்செல்வான் என்பர். பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனி நான்கு இயல்புகள் வகுக்கின்றார். அவற்றுள் இரண்டு ஈண்டு நமக்கு வேண்டியவை. நோயுற்றவனுக்குரியவற்றுள் ஒன்று, தன் நோயின் நிலையை மறையாது உணர்த்துதல். உழைச்செல்வானுக்குரியவற்றுள் ஒன்று, நோயாளனிடத்து அன்புடையனாதல். இவ்விரண்டையும் கையிற் கொண்டு நமது நாட்டுச் சட்டத்தை நோக்குவோம்.

இலங்கையில் இவ்விடயத்துக்கு அடிப்படையான சட்டம், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த அது பலமுறை திருத்தப்பெற்று இன்றும் நடைமுறையில் உள்ளது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டு கிராம் அளவைத் தாண்டி ஹெரோயின் வைத்திருப்பார்க்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று விதித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைனையும் அக்கடுமைக்குள் கொணர்ந்தது. 1976ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. எனினும் சட்டத்தின் முகம் கடுமுகமே. கடல்வழியே பொதி பொதியாக நஞ்சைக் கொணர்ந்து விற்பவனை நோக்கி அம்முகம் கடுத்தல் முறையே. பருத்தித்துறையிலும் மாதகலிலும் கேரளக் கஞ்சாப் பொதிகள் கைப்பற்றப்பட்டன என்னும் செய்தியைப் படித்துப் பழகிய நமக்கு இதில் ஐயமில்லை. ஆயின் அந்நஞ்சை உண்டு அழிகின்றவனை நோக்கியும் அதே முகமா?

இல்லை, சட்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனை நம்மவருள் அறிந்தவர் சிலர். அதே 1984ஆம் ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. தடுப்பும் சிகிச்சையும் அதன் பணிகளுட் சேர்ந்தவை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்துள்ளேயே இருந்து திருந்தும் கட்டளையை நீதிமன்றம் இடுவதற்கு வழி செய்தது. மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையானவன் சிகிச்சை பெறவேண்டும் என்பதும் அக்கட்டளையின் நிபந்தனையாகலாம். பின்னர் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. போதைப்பொருளிலே தங்கிவாழ்வார்க்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளித்தற்கென்றே எழுந்தது அது. அதிலே இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, தானே விரும்பிச் சிகிச்சை நிலையத்திற் சேர்தல். மற்றொன்று, நீதவான் முன் கொண்டுவரப்பட்டவனை மருத்துவர் பரிசோதித்து அறிக்கை செய்ய, அதனை நோக்கி நீதவான் சிகிச்சைக்கு அனுப்புதல்.

ஆக, சிறைக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஒரு பாதை ஏட்டில் இருக்கின்றது. இத்தகைய பாதை ஏன் வேண்டும் என்பதை மருத்துவ நூல் கூறுகின்றது. ஹெரோயினை நாள்தோறும் கொண்டவன் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாள்களில் உடல்வலியும் வாந்தியும் கழிச்சலும் உறக்கமின்மையும் உச்சம் பெறும்; ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை தணியும். சிறைக்கதவுக்குள் இந்த வாரம் எப்படியோ கழிந்துவிடும். அதனைக் கண்டே, 'சிறைக்குப் போனால் மாறிவிடும்' என்று ஊரார் சொல்கின்றனர். உடல் மாறியது உண்மை, வேட்கை மாறவில்லை. அதனினும் கொடியது ஒன்று உண்டு. சில மாதம் நஞ்சின்றி இருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் வன்மையை இழந்துவிடும். வெளியே வந்தவன் முன்னைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கி இறப்பான். சிறையினின்று வெளிவந்த முதல் இரண்டு வாரங்களே இவ்வாறு இறக்கும் அபாயம் மிகுந்த காலம் எனப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. 'மாறிவிட்டான்' என்று நாம் மகிழும் நாளே அவனுக்கு எமன் அணுகும் நாள்.

இதற்கு மருந்தும் உண்டு. மெதடோன், பியூப்பிரெனோர்பின் என்னும் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. அவை ஹெரோயினின் வேட்கையை அடக்கி, மனிதன் தொழில் செய்து வாழ இடம் தருவன. ஐஸுக்கோ அத்தகைய நிறுவப்பெற்ற மருந்து இல்லை. அங்கு உளவள ஆலோசனையும் பழக்கத்தை மெல்ல மாற்றும் பயிற்சியுமே மருந்தாகின்றன. நோயின் அளவு நோக்கிச் செய்க என்றது இதனையன்றோ! ஒருவனுக்கு ஏற்ற மருந்து மற்றவனுக்கு ஏலாது. ஒருவனுக்குப் போதிய காலம் மற்றவனுக்குப் போதாது. எல்லார்க்கும் ஒரே அளவான காலத்தை விதிப்பது தண்டனையின் இயல்பு, மருத்துவத்தின் இயல்பன்று.

பிற நாடுகள் இப்பாதையிலே எங்ஙனம் நடந்தன என்பதைச் சிறிது காண்போம். அமெரிக்காவிலே மயாமி நகரில் 1989ஆம் ஆண்டில் போதைப்பொருள் வழக்குகளுக்கென ஒரு தனி நீதிமன்றம் தொடங்கிற்று. சிறை புகவேண்டியவன் அங்கே சிகிச்சைக்கு உடன்படுகின்றான். குறித்த நாள்தோறும் நீதிபதி முன் வருகின்றான். சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுகின்றான். நீதிபதி அவனைப் பெயர் சொல்லி அழைத்து, சென்ற கிழமை எப்படிக் கழிந்தது என்று கேட்கின்றார். முழுதும் முடித்தவன்மேல் உள்ள வழக்கு நீக்கப்படுகின்றது. இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் மூவாயிரத்தின் மேற்பட்டன. இவற்றால் மீண்டும் குற்றஞ்செய்வோர் தொகை குறைந்தது என்று கூறும் ஆய்வுகள் பல. எனினும் இடையில் தவறியவன், தொடக்கத்திலேயே தண்டனையை ஏற்றிருந்தால் பெற்றிருக்கக்கூடியதினும் நீண்ட சிறையைப் பெறுகின்றான் என்னும் குறைபாடும் அங்கே சொல்லப்படுகின்றது. மீள விழுதல் இந்நோயின் இயல்புகளுள் ஒன்று. நோயின் குணத்துக்காக நோயாளனைத் தண்டிப்பது, காய்ச்சல் மீண்டதற்காகப் பிரம்பெடுப்பது போலாகும்.

போர்த்துக்கல் வேறு வழி சென்றது. 2001ஆம் ஆண்டு ஜூலை முதல் அங்கே, பத்து நாளுக்குத் தன் சொந்தப் பாவனைக்கு வேண்டிய அளவின் மேற்படாது வைத்திருப்பவன் குற்றவாளி அல்லன். விலக்கு இன்னும் விலக்கே. ஆனால் அவன் செல்வது குற்றவியல் நீதிமன்றத்துக்கன்று. சட்டம், உளவியல், சமூகப்பணி முதலிய துறை வல்லார் மூவர் கொண்ட ஆணைக்குழு அவனை அழைத்துப் பேசி, வேண்டின் சிகிச்சைக்கு வழிப்படுத்தும். விற்பவன் அங்கும் குற்றவாளியே.

நமக்கு அயலிலுள்ள இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியை முற்றாக மறந்ததன்று. சிறிய அளவு பற்றிய குற்றத்திலோ உட்கொண்ட குற்றத்திலோ அடிமையானவன் தண்டிக்கத்தக்கவன் எனக் காணப்பட்டால், அவனது இசைவோடு, உடனே தண்டனை விதியாது, அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மருத்துவமனையிலோ சிகிச்சை பெறுமாறு பிணையில் விடுவதற்கு அதன் 39ஆம் பிரிவு இடந்தருகின்றது. தானே முன்வந்து சிகிச்சை பெறுபவனுக்கு வழக்கினின்றும் காப்பளிப்பது 64அ பிரிவு. 'அவனது இசைவோடு' என்னும் சொற்களை இங்கு நோக்குக. நோயுற்றவன் மருத்துவத்தின் நாற்கூறுகளுள் ஒருவன். மருந்து ஊற்றப்படும் பாண்டம் அல்லன்.

இனி, நம் நாட்டு நடைமுறைக்கு வருவோம். நீதிமன்றம் புனர்வாழ்வுக்கு அனுப்பியவர்கள் வைக்கப்படும் இடங்களுட் பெயர்பெற்றது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டு நிலையம். போர் முடிந்தபின் முன்னாட் போராளிகளுக்கு எனப் புனர்வாழ்வு நடத்திய அமைப்பின் வழிவந்தது அது. படையினரின் பங்கு அங்கு பெரிது. 2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அங்கிருந்த ஒருவர் இறந்தார். அதனை அடுத்துக் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். இறப்புத் தொடர்பாகப் படையினர் சிலர் கைதாயினர். மருத்துவமனையினின்று நோயாளர் நூற்றுக்கணக்காய் மதில் கடந்து ஓடினர் என்று யாராவது கேட்டதுண்டா?

அவ்வாண்டே புனர்வாழ்வுப் பணியகம் ஒன்றை நிறுவும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. போதைக்கு அடிமையானோரோடு வேறு பல வகையினரையும் புனர்வாழ்வுக்கு உட்படுத்த அது கருதிற்று. அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்து, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கு அச்சட்டமூலம் முரண்படுகின்றது என்று தீர்மானித்தது. பின்னர் திருத்தங்களோடு 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறிற்று. அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் தேதி 'யுக்திய' என்னும் பெயரால் பொலிஸாரின் பெருநடவடிக்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர்; சிலர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் அதனை நிறுத்தி மீளாராயுமாறு வேண்டினர். கட்டாயத் தடுப்புப் புனர்வாழ்வு நிலையங்களை மூடிவிடுமாறு ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு அமைப்புகள் 2012ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடி எல்லா நாடுகளையும் கேட்டிருந்தன.

இங்கேதான் பரிமேலழகர் நமக்கு உதவுகின்றார். நோய்நிலையை மறையாது உணர்த்துதல் நோயாளன் இயல்பு என்றார். காவலனுக்கு அஞ்சுபவன் எதனை உணர்த்துவான்? எவ்வளவு உண்டேன், எப்போது தொடங்கினேன், எதனை மறக்க உண்டேன் என்பவற்றைத் தாய்மொழியிலன்றி வேறு எம்மொழியில் உணர்த்துவான்? உழைச்செல்வான் அன்புடையன் என்றார். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை அன்பில்லாத கை என்று நான் கூறவில்லை. ஆயின் காவல் வேறு, பணிவிடை வேறு. மருத்துவனும் மருந்தும் உழைச்செல்வானும் இல்லாத இடத்துக்குச் சிகிச்சை நிலையம் என்று பெயர் எழுதினால், பெயர் மாறும், இடம் மாறாது. சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை என்பது, சிறைக்குப் பதிலாக இன்னொரு சிறை என்று ஆகிவிடுதல் கூடாது.

'குற்றம் புரிந்தவனை ஒறுக்காது விடுதல் செங்கோலாகுமா?' என்று கேட்பார் உளர். கேட்கவேண்டிய கேள்வியே. களை பிடுங்குதல் உழவனுக்குக் கடன். ஆனால் பூச்சி அரித்த பயிரைக் களை என்று பிடுங்குபவன் உழவன் அல்லன். 'இசைவு கேட்டால் எவன் இசைவான்? நோயின் பிடியில் உள்ளவன் வேண்டாம் என்றல்லவா சொல்வான்?' என்பார் வேறு சிலர். இதிலும் உண்மை உண்டு. வழக்கு என்னும் நெருக்குதல் சிலரை மருத்துவரின் வாயில்வரை கொண்டுவருகின்றது. அதனை மறுக்க இயலாது. வாயில்வரை கொண்டுவருவது நீதிமன்றத்தின் வேலை. உள்ளே அழைத்து இருத்துவது மருத்துவனின் வேலை. இரண்டையும் ஒருவரே செய்ய முற்படும்போதுதான் முறை பிறழ்கின்றது.

நம் குடாநாட்டில் ஒன்றுமே இல்லை என்று கூறுதல் பொய்யாகும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநல மருத்துவப் பிரிவு நெடுங்காலமாக இருக்கின்றது. போர் தந்த மனப்புண்களை ஆற்றிய அனுபவம் அங்குள்ள மருத்துவர்க்கும் ஆலோசகர்க்கும் உண்டு. நீதவானின் மேசையிலிருந்து அத்தகைய இடங்களுக்கு ஓர் ஒழுங்கான பாதை வேண்டும். தாய் சோற்றுப் பொதியோடு பேருந்தேறிச் சென்று பார்த்துத் திரும்பத்தக்க தொலைவில் சிகிச்சை வேண்டும். அவளன்றோ முதல் உழைச்செல்வாள்!

என் மாணாக்கனின் கதையை முடிக்கவேண்டும். என் கடிதத்தைச் சட்டத்தரணி நீதவானிடம் காட்டினார். தண்டப்பணத்தோடு அவன் விடப்பட்டான். தாயின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. ஆறு மாதத்துள் அவன் மீண்டும் பிடிபட்டான். இம்முறை சில மாதச் சிறை. 'நல்லவன்' என்று நான் எழுதியது ஒருமுறைக்குத்தான் உதவிற்று. 'இவன் நோயாளன், இவனை மருத்துவரிடம் காட்டி, அவர் அறிக்கையை நோக்கிக் கட்டளையிடுமாறு வேண்டுகின்றேன்' என்று அன்று எழுதியிருந்தால், கேட்பதற்கேனும் ஒரு சட்டம் இருந்தது. அச்சட்டம் இருப்பதை நான் அறியேன். இலக்கணச் சூத்திரங்களை மனத்தில் வைத்திருந்த பண்டிதன், தன் மாணாக்கனைக் காக்கும் சூத்திரம் நாட்டில் இருப்பதை அறியாது இருந்தேன்.

அவன் வெளிவந்த செய்தி ஊரிற் பரவியது. வேலை கேட்ட இடங்களில் நாளைக்கு வா என்றார்கள். ஒருநாள் சந்தை வீதியில் என்னைக் கண்டவன் சைக்கிளைத் திருப்பி ஒழுங்கைக்குள் மறைந்தான். நானும் காணாதவன் போல நடந்தேன். கடிதம் எழுத ஒரு மணி நேரம் எடுத்த எனக்கு, அவன் வீட்டுப் படலையைத் திறக்க நான்கு மாதம் எடுத்தது.

போனபோது அவன் முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். என்ன பேசுவதென்று இருவர்க்கும் தெரியவில்லை. பின்பு அவனே சொன்னான்: "உள்ளை இருக்கேக்கை நாளை எண்ணிக்கொண்டிருந்தன் ஐயா. வெளியிலை வந்தாப் பிறகு எண்ண ஒண்டும் இல்லை."

அடுத்த கிழமை அவனையும் தாயையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். இதற்கு நீதிமன்றக் கட்டளை எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது குறித்த நாள்களிற் போய்வருகின்றான். சில தவணைகள் போகத் தவறினான்; மீண்டும் போனான். வென்றுவிட்டான் என்று எழுத நான் துணியேன். ஆனால் தவணை நாளில் என்னோடு பேருந்துக்குக் காத்திருக்கின்றான்.

ஆசிரியப் பெருமக்காள், மாணாக்கரே! நாளை உங்கள் படலையையும் ஒரு தாய் திறக்கலாம். கையில் ஒரு கடிதவுறை இருக்கலாம். நல்லவன் என்று மட்டும் எழுதிக்கொடுத்து விடாதீர்கள். நோயாளன் என்று எழுதுங்கள்; சட்டம் அதற்கு இடந்தருகின்றது. எழுதியபின் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு செல்லுங்கள். மருந்தின் நாற்கூறுகளுள் மூன்றை அரசு தரவேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நான்காவது கூறு நமது ஊரிலேதான் இருக்கின்றது.